உருண்டையும் தீர்ந்தது, சொட்டும் தீர்ந்தது: 9 வயதுச் சிறுவனின் கண் அரிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

செக்கானூரணிப் பக்கத்தில் ஹோமியோபதி மருத்துவம் பார்க்கிறேன். சென்ற ஆண்டு என்னிடம் வந்த 9 வயதுச் சிறுவன் ஒருவனின் கண் நோயை இங்கே முழுமையாக எழுதுகிறேன். அவனுடைய தாயிடம் அனுமதி கேட்டபோது, "எழுதுங்கள் டாக்டரம்மா, இன்னொரு பிள்ளைக்கு இப்படி ஆகக் கூடாது" என்றார். ஊர்ப் பெயரையும் குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன். பத்து வாரங்களுக்கு மேல் இதை நான் குணப்படுத்திய நோய் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். குறிப்பேட்டில் "குணம்" என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தேன்.

முதல் நாள்

மார்ச் மாதம் இரண்டாவது வாரம், காலை பத்து மணி இருக்கும். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடியபடி சிறுவன் உள்ளே வந்தான். வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. தாய் மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கப் போகிறவர். விடியுமுன்பே போய், பூவைக் கமிஷன் கடைக்கு அனுப்பிவிட்டு நேராக வந்திருந்தார். அவர் கைகளில் இன்னும் பூவின் மணம் இருந்தது. பையனின் கண்ணுக்கும் அந்தப் பூதான் காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். விடுமுறை நாட்களில் அவனும் கூடப் போவதுண்டாம்.

நோய் இரண்டு ஆண்டுகளாக இருந்தது. மாசி கடைசியில் தொடங்கும்; ஆடிக் காற்று ஓயும்வரை படுத்தும்; பிறகு தானே அடங்கிவிடும். இரண்டு கண்களிலும் சிவப்பு, உறுத்தல், ஓயாத நீர், தாங்க முடியாத அரிப்பு. பையன் இரண்டு முட்டிகளாலும் கண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தான். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மட்டும் தாய் நான்கு முறை அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். மூக்கிலும் லேசாக நீர். கன்னத்தில் கண்ணீர் வழிந்த தடம் சிவந்து தடித்திருந்தது.

பள்ளியில் இரண்டு முறை "மெட்ராஸ் ஐ" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது, தொற்றுவது, ஓரிரு வாரங்களில் தீர்ந்துவிடுவது. ஆண்டுதோறும் அதே மாதத்தில் வந்து, வீட்டில் வேறு யாருக்கும் ஒட்டாமல், ஐந்து மாதம் நீடிக்கும் ஒன்று அதுவாக இருக்க முடியாது. இது எனக்கு அன்றே தெரிந்தது. ஒவ்வாமை என்று சரியாகவே எழுதினேன். தந்தைக்கு ஆஸ்துமா இருப்பதையும், சிறுவனுக்குக் குழந்தைப் பருவத்தில் முழங்கை மடிப்பில் கரப்பான் என்ற தோல் அரிப்பு நோய் வந்து போனதையும் பதிந்துகொண்டேன்.

வீட்டு வைத்தியம் பற்றியும் கேட்டேன். அப்பத்தா நந்தியாவட்டைப் பூவை இரவில் தண்ணீரில் போட்டுவைத்து, காலையில் கண்மீது ஒற்றி எடுத்திருக்கிறார். சாற்றைக் கண்ணுக்குள் விடவில்லை என்று தாய் உறுதியாகச் சொன்னார். எனக்கு அது பெரிய ஆறுதல். கண்ணுக்குள் போகும் இலைச்சாறும் பூச்சாறும் எங்கள் மாவட்டத்தில் எத்தனை கருவிழிகளைக் கெடுத்திருக்கின்றன என்பது பதிவாகியிருக்கிறது. கருவிழிப் புண் மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்கு வருவதாக 1996இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அமெரிக்காவில் கண்டதைப்போல் அது ஏறத்தாழ பத்து மடங்கு. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மதுரையில் பார்த்த 434 கருவிழிப் புண் நோயாளிகளைப் பற்றிய இன்னோர் ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கண்ணில் முன்பே அடி பட்டிருந்தது. பூஞ்சையும் பாக்டீரியாவும் கிட்டத்தட்டச் சம அளவில் காரணமாயிருந்தன. நெல் தாளும் சோளத் தட்டையும் கீறிய கண்ணில் சுத்தமில்லாத சாறு விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாட்டு வைத்தியத்தைப் பற்றி இவ்வளவு கவனமாகக் கேட்ட நான், கேட்க வேண்டிய இன்னொன்றைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்று அவனோடு 55 நிமிடங்கள் பேசினேன். ஹோமியோபதியில் நோயைவிட நோயாளியைக் கேட்பது வழக்கம். ஊறுகாய் விரும்புவான், பால் பிடிக்காது, நாய்க்குப் பயம், போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்குவான், தாகம் அதிகம், கோபம் வந்தால் அழுவதில்லை. இரண்டு பக்கம் நிறைந்தது. அந்த இரண்டு பக்கங்களில் அவனுடைய பார்வை எத்தனை என்ற ஒரு வரி இல்லை. மேல் இமையைப் புரட்டிப் பார்த்ததற்கான குறிப்பும் இல்லை. நான் புரட்டிப் பார்க்கவேயில்லை. கல்லூரியில் சொல்லித்தந்தார்கள். வெளிச்சத்துக்குக் கூசும் குழந்தையைப் படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

யூஃப்ரேசியாவைத் தேர்ந்தது

எங்கள் மருத்துவத்தில் கண்ணீரும் மூக்கு நீரும் சேர்ந்து வரும்போது இரண்டு மருந்துகளை எதிரெதிரே வைத்துப் பார்ப்போம். கண்ணீர் காரமாகி எரிச்சலூட்டி, மூக்கு நீர் சாதுவாக வந்தால் யூஃப்ரேசியா. மூக்கு நீர் மேலுதட்டை அரித்துப் புண்ணாக்கி, கண்ணீர் சாதுவாக இருந்தால் அல்லியம் சீபா, அதாவது வெங்காயம். வெங்காயம் நறுக்கியவர்களுக்கு இரண்டாவதை விளக்கத் தேவையில்லை. முதல் ஆண்டு மாணவர்கள்கூட மறக்காத பாடம் இது.

சிறுவனின் கன்னம் சிவந்திருந்தது. மேலுதடு சுத்தமாக இருந்தது. மாலையில் அதிகம், வீட்டுக்குள் அதிகம், வெளிச்சத்தில் அதிகம் என்று யூஃப்ரேசியாவுக்குச் சொல்லப்படும் குறிகள் ஒவ்வொன்றாக வந்து பொருந்தின. தெற்குக் காற்றில் மோசமாகும் என்றும் எங்கள் மருந்துப்பொருள் நூல்கள் சொல்கின்றன. தாய் தானாகவே, "தெற்கத்திக் காற்று அடித்தால் இவனுக்கு ஆகாது" என்றார். அந்தக் கணத்தில் எனக்கு உடல் சிலிர்த்தது. ஒரு ஹோமியோபதி மருத்துவருக்கு இதைவிட நிறைவான பொருத்தம் அடிக்கடி கிடைக்காது. அந்தச் சிலிர்ப்புக்குப் பிறகு நான் தேடுவதை நிறுத்திவிட்டேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் தெளிவாக உணர்கிறேன்.

யூஃப்ரேசியா ஐரோப்பியப் புல்வெளிகளில் வளரும் சிறு செடி. பச்சை இலை உண்டு, தானே உணவு சமைத்துக்கொள்ளும். ஆனாலும் பக்கத்துப் புல்லின் வேரில் தன் வேரைப் பதித்து நீரையும் உப்பையும் உறிஞ்சும். பாதி ஒட்டுண்ணி. வெள்ளைப் பூவில் ஊதாக் கோடுகளும் மஞ்சள் புள்ளி ஒன்றும் இருக்கும். அந்தப் பூவை உற்றுப் பார்த்தால் சிவந்த நரம்போடிய கண் போலத் தோன்றும். அதனால்தான் அது கண்ணுக்கு மருந்து என்று பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் முடிவு செய்தார்கள். ஒரு செடியின் வடிவமே அது எந்த உறுப்புக்கு மருந்து என்று காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கை அங்கே நெடுங்காலம் இருந்தது. மகிழ்ச்சி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து செடிக்குப் பெயர் வந்தது. ஜெர்மனியில் ஹோமியோபதியைத் தோற்றுவித்த சாமுவேல் ஹானிமன் (1755–1843) இதைத் தம் மருந்துகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார். எங்கள் வைகைக் கரையில் முளைக்காத, நம் அப்பத்தாக்கள் யாரும் பார்த்திராத செடி அது. ஆனாலும் மதுரையில் எந்த ஹோமியோ மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

யூஃப்ரேசியா 30 வீரியத்தில் சர்க்கரை உருண்டைகள் கொடுத்தேன். கண்ணில் விட எதுவும் கொடுக்கவில்லை. தாய்த் திரவத்தை, அதாவது செடியைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த மூலக் கரைசலை, தண்ணீரில் கலந்து கண்ணில் விடச் சொல்லும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை நான் எப்போதும் செய்ததில்லை. அதில் சாராயம் இருக்கிறது. வீட்டில் கலக்கும் நீர் கிருமி நீக்கியதாக இருப்பதில்லை. கொதித்து ஆறிய நீரால் முகம் கழுவுவது, குளிர்ந்த துணியால் ஒற்றுவது, கண்ணைக் கசக்காமலிருப்பது ஆகிய மூன்றையும் சொல்லி அனுப்பினேன்.

மூன்று வாரங்களில்

பத்தாம் நாள் வந்தார்கள். துண்டு இல்லை. சிவப்பு பாதி குறைந்திருந்தது. வழக்கம்போல், "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறானா?" என்று கேட்டேன். "இல்லை டாக்டரம்மா" என்றார் தாய். மூன்றாவது வாரம் கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. சிறுவன் வெயிலில் நின்று சிரித்தான். அன்றுதான் "குணம்" என்று எழுதினேன். உருண்டைகளைக் குறைந்த அளவில் தொடரச் சொன்னேன். அந்தக் குடும்பத்தின் மூலமாக அதே ஊரிலிருந்து மேலும் நான்கு பேர் கண் அரிப்புக்கு என்னிடம் வந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூன் மாதம், பள்ளி திறந்த பிறகு, தாய் மறுபடியும் வந்தார். பையன் மறுபடியும் துண்டுக்குள் இருந்தான். முன்பைவிட மோசம். பீளை நூல் நூலாக வந்துகொண்டிருந்தது. அதைத் தாய் துணி நுனியால் இழுத்து எடுத்துக் காட்டினார். கரும்பலகை தெரியவில்லை என்று ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். நான்கு நாட்களாக இப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தாய் கேட்டார்:

"உருண்டையும் தீர்ந்துவிட்டது, சொட்டும் தீர்ந்துவிட்டது டாக்டரம்மா. இரண்டையும் கொடுங்கள்."

"நான் சொட்டு மருந்து கொடுக்கவில்லையே அம்மா."

"என் தம்பி வாங்கி வந்தது. நீங்கள் உருண்டை கொடுத்த அன்றைக்குச் சாயங்காலம் மதுரையிலிருந்து வாங்கி வந்தான். இப்போது அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கடைப் பெயர் எனக்குத் தெரியவில்லை."

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காலிப் புட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். 5 மில்லி புட்டி. எழுத்தைப் படித்தேன்: ஒரு நுண்ணுயிர்க்கொல்லியும் டெக்ஸாமெத்தசோனும் கலந்த கண் சொட்டு மருந்து. டெக்ஸாமெத்தசோன் அழற்சியை அடக்கும் வலிமையான ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. மார்ச் முதல் ஜூன் வரை ஐந்து புட்டிகள் தீர்ந்திருந்தன.

அவர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நான் கேட்டது "மருந்து சாப்பிடுகிறானா" என்று. நம் பேச்சில் உருண்டையையும் மாத்திரையையும் டானிக்கையும் சாப்பிடுவோம். சொட்டு மருந்தை விடுவோம், களிம்பைத் தடவுவோம். கேட்ட கேள்விக்கு அவர் உண்மையான பதிலைத்தான் சொன்னார். கண் நோய்க்கு வந்த குழந்தையிடம் வாயைப் பற்றிக் கேட்டது நான்.

அன்று முதன்முறையாக மேல் இமையைப் புரட்டினேன். பஞ்சுக் குச்சியை இமைமேல் வைத்து, இமை மயிரைப் பிடித்து மடக்கினால் போதும். அரை நிமிட வேலை. இமையின் உட்பக்கம் ஆற்றில் கூழாங்கற்கள் பாவியதுபோல் பெரிய பெரிய முண்டுகள் நெருங்கி நின்றன. ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் அந்த முண்டுகள் கருவிழிமேல் உரசிக்கொண்டிருந்தன. கருவிழியின் விளிம்பில் சுண்ணாம்புத் துளிபோல் வெள்ளைப் புள்ளிகள். அதற்குமேல் நான் எதுவும் செய்யவில்லை. அன்றே பஸ் ஏற்றி மதுரையிலுள்ள ஒரு கண் மருத்துவமனைக்கு அனுப்பினேன். காலிப் புட்டியையும் கையில் கொடுத்தனுப்பினேன்.

அங்கே கண்டது

நோயின் பெயர் வெர்னல் கெரட்டோகன்ஜங்டிவைடிஸ்; கருவிழியையும் இமையின் உட்படலத்தையும் தாக்கும் ஒவ்வாமை அழற்சி. வெர்னல் என்றால் லத்தீனில் வசந்தத்துக்குரியது. சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று வைத்த நம் மரபில் அந்தப் பெயர் இன்னும் நன்றாகவே பொருந்துகிறது. வெப்பமும் வறட்சியும் புழுதியும் உள்ள நிலங்களில் அதிகம் வருவது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் உள்ள பையன்களுக்கு வருவது. ஆஸ்துமாவோ கரப்பானோ உள்ள குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுவது. பருவ வயதைத் தாண்டும்போது பெரும்பாலோருக்குத் தணிந்துவிடுவது. நூல் பீளை, கூழாங்கல் முண்டுகள், ஹார்னர்–ட்ராண்டாஸ் புள்ளிகள் என்ற அந்த வெள்ளைப் புள்ளிகள் மூன்றும் இதன் அடையாளங்கள். மார்ச் மாதத்து என் குறிப்பேட்டிலேயே வயது, பாலினம், பருவம், தந்தையின் ஆஸ்துமா, கரப்பான் எல்லாம் இருந்தன. ஊறுகாய்க்கும் நாய்ப் பயத்துக்கும் இடையில் சிதறிக் கிடந்தன.

பார்வை இரண்டு கண்ணிலும் 6/12; இயல்பான கண் 12 மீட்டரில் படிப்பதை இவன் 6 மீட்டரில்தான் படித்தான். கண்ணுக்குள் அழுத்தம் வலப்பக்கம் 32, இடப்பக்கம் 30. இயல்பான அளவு 10 முதல் 21 வரை. அந்த எண்ணைத் தொலைபேசியில் கேட்டபோது நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரந்து, கருவிழிக்கும் அதன் பின்னாலுள்ள ஐரிஸ் என்ற நிறத்திரைக்கும் இடையிலுள்ள கோணத்தில் சல்லடை போன்ற திசுவின் வழியாக வடிந்துகொண்டிருக்கிறது. ஸ்டீராய்டு சிலருக்கு அந்தச் சல்லடையின் வடிகாலை அடைக்கிறது. சுரப்பது சுரந்துகொண்டே இருக்கும், அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு நசுங்கும். குழந்தைகளுக்கு இது பெரியவர்களைவிட விரைவாகவும் கடுமையாகவும் வரக்கூடும். வலி இருக்காது. கண் வெள்ளையாக, அழகாக, குணமானதுபோல் இருக்கும். ஓரப் பார்வைதான் முதலில் போகும். அதைக் குழந்தை சொல்லாது. நீண்ட நாள் விட்டால் கண்புரையும் வரலாம். ஏப்ரலில் வெயிலில் நின்று சிரித்த அந்தச் சிறுவனின் கண்ணுக்குள் அழுத்தம் அன்றே ஏறத் தொடங்கியிருக்கலாம்.

நல்வாய்ப்பாக, பார்வை நரம்பு இன்னும் கெடவில்லை. வலிமையான ஸ்டீராய்டுக்குப் பதிலாக மெல்லிய ஒன்றைச் சில நாட்களுக்கு மட்டும், படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரும்படி கொடுத்தார்கள். அரிப்புக்கு ஒலோபடடின் சொட்டு, இமைக்குள் இரவில் 0.03 சதவீத டாக்ரோலிமஸ் களிம்பு. அழுத்தத்தைக் குறைக்க டைமோலால் கொடுக்குமுன், பையனுக்கு மூச்சிரைப்பு உண்டா என்று மறவாமல் கேட்டிருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தச் சொட்டு ஆபத்தாகலாம், கண்ணில் விடுவது உடல் முழுவதும் போகும். தந்தைக்கு இருக்கிறது, பையனுக்கு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கொடுத்தார்கள். சிறு கேள்விதான். ஆனால் அது கண்ணுக்கு உரிய கேள்வி.

கசக்குவதை நிறுத்தச் சொல்லி மிகவும் வற்புறுத்தியிருக்கிறார்கள். அரிப்புக்குக் காரணமான மாஸ்ட் செல்கள் கசக்கக் கசக்க ஹிஸ்டமின் என்ற அரிப்பூட்டும் பொருளை இன்னும் கொட்டும், அரிப்பு கூடும். ஆண்டுக்கணக்கில் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கவும் கூடும். அதற்காக ஆண்டுக்கு ஒருமுறை கருவிழியின் வளைவையும் அளந்து பார்க்க வேண்டும்.

மல்லிகையின் மீது தாய் வைத்த குற்றச்சாட்டைப் பற்றி ஒரு சொல். மல்லிகையின் மகரந்தம் பூச்சிகளால் கடத்தப்படுவது. காற்றில் பெரிதாக மிதந்து வருவதில்லை. அவர்கள் வீட்டைச் சுற்றி நிற்பது சீமைக்கருவேலம். அதன் மகரந்தம் ஒவ்வாமை தருவது என்று நிறுவப்பட்டிருக்கிறது. பார்த்தீனியமும் வரப்பெல்லாம் கிடக்கிறது. எதனால் என்று இவனுக்குத் தனியாகச் சோதிக்கவில்லை. பூப் பறிப்பதை அந்தத் தாய் விட வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னேன். அந்தக் குடும்பம் அந்தப் பூவில்தான் சாப்பிடுகிறது.

யூஃப்ரேசியா என்ன செய்தது

மூன்று வாரத்தில் கண் வெளுத்ததற்குக் காரணம் டெக்ஸாமெத்தசோன். அது தீர்ந்த நான்காம் நாளே நோய் பழைய நிலைக்குத் திரும்பியது. உருண்டையும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் தீர்ந்தது என்று எனக்காக வாதாட முடியும். நான் அப்படி வாதாட விரும்பவில்லை. 30 வீரியம் என்பது நூற்றில் ஒரு பங்காக 30 முறை கரைத்தது. ஒன்றுக்குப் பின்னால் 60 சுழியங்கள். பன்னிரண்டாவது கரைசலைத் தாண்டும்போதே, தொடக்கத்தில் எடுத்த செடியின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சியிருக்கும் வாய்ப்பு அற்றுப்போகிறது. யூஃப்ரேசியா செடியில் ஆகுபின் போன்ற பொருள்கள் இருப்பது உண்மை. என் உருண்டையில் அவை இருக்க வழியில்லை. 12 ஆண்டுகளாக இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். நோயாளி குணமாகி வரும்போது அந்தக் கணக்கை நினைக்கத் தோன்றுவதில்லை.

கண் அழற்சிக்கு யூஃப்ரேசியா சொட்டு மருந்தைப் பற்றி 2000இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வை நோயாளிகளிடம் நான் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். 65 பேர், அவர்களில் 53 பேருக்கு முழுமையாகக் குணம். கேட்கவே இனிக்கும் எண். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து தரப்படாத இன்னொரு குழு இல்லை. கண் அழற்சி பெரும்பாலும் தானே அடங்குவது. 65 பேரில் எத்தனை பேர் வெறும் தண்ணீரிலேயே குணமாகியிருப்பார்கள் என்று அந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது. என் மேஜைக்கு முன் நின்று சிரித்த சிறுவனுக்கும் ஒப்பீடு இல்லை. ஆனால் அவன் கண்ணில் இன்னொரு மருந்து இருந்தது. ஹோமியோபதியைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015இல், அது பலன் தருவதாக நம்பத்தக்க சான்றுள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்று அறிவித்தது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இந்தச் சிறுவனுக்குப் பிறகு அதை மறுபடி எடுத்துப் படித்தேன். இம்முறை கோபம் வரவில்லை.

இந்த நிகழ்வை எங்கள் துறையைச் சேர்ந்த மூத்தவர் ஒருவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர், "நூல் பீளைக்கு யூஃப்ரேசியா கொடுத்தது தவறு அம்மா, காலி பைக்ரோமிகம் கொடுத்திருக்க வேண்டும்" என்றார். பாடப்படி அவர் சொல்வது சரி. நீண்டு இழுபடும் கசிவுக்கு எங்கள் நூல்கள் சொல்வது அந்த மருந்தைத்தான். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 32 என்ற அழுத்தத்தைக் கேட்ட பிறகும் எந்த உருண்டை என்பதுதான் எங்களுக்குள் பேச்சாக இருந்தது. உருண்டை எதுவாயினும், இமையைப் புரட்டாமலும் புட்டியைக் கேட்காமலும் கொடுத்திருந்தால் அந்தக் குழந்தைக்கு நேர்ந்தது மாறியிருக்காது. இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததே அந்த இரவுக்குப் பிறகுதான்.

கண்ணுக்குக் கேடு சர்க்கரை உருண்டையால் நேரடியாக வருவதில்லை. இழந்த வாரங்களால் வருகிறது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையால் உலகம் அறிந்த ஊர் மதுரை. அங்கிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள் இருந்துகொண்டு, மார்ச்சில் அனுப்ப வேண்டிய குழந்தையை ஜூனில் அனுப்பினேன். ஹோமியோ கண் சொட்டு மருந்துகளில் வேறோர் அபாயமும் உண்டு, அது எந்தச் சொட்டு மருந்துக்கும் பொருந்தும்: கிருமி. கண்ணில் விடுவது கிருமியற்றதாக இல்லாவிட்டால் மருந்தின் பெயர் காப்பாற்றாது. அமெரிக்காவில் 2023இல் வெறும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு வழியாக மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமி பரவிப் பலர் பார்வை இழந்தார்கள், சிலர் உயிரிழந்தார்கள். அதில் மருந்து என்று எதுவும்கூட இல்லை. கண்ணை ஈரமாக்கும் நீர்தான்.

என் அறையில் மாறியவை சில. சுவரில் பார்வைப் பலகை தொங்குகிறது. 6 மீட்டர் கிடைக்காததால் கண்ணாடி வைத்துத் தூரத்தை இரட்டிப்பாக்கியிருக்கிறேன். கண் என்று வருகிறவர்களிடம் முதல் கேள்வி, "கண்ணில் என்ன விடுகிறீர்கள், என்ன தடவுகிறீர்கள், யார் வாங்கிக் கொடுத்தார்கள்?" புட்டியைக் கொண்டுவரச் சொல்கிறேன். குழந்தைக்கு அரிப்பு இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, நூல் பீளை வந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புகிறேன். ஏப்ரலில் அதே ஊரிலிருந்து வந்த அந்த நான்கு பேரையும் தேடிப் போய்ப் பார்த்தேன். அவர்களில் ஒரு பெண் குழந்தையின் வீட்டிலும் அதே வகைச் சொட்டு மருந்து இருந்தது. அவளுக்கு அழுத்தம் சரியாகவே இருந்தது. அந்த ஊர் மருந்துக் கடைக்காரரிடம் போய்ப் பேசினேன். அவர் கோபப்படவில்லை, "கண் சிவந்து வருகிறவர்கள் இதன் பெயரைச் சொல்லித்தானே கேட்கிறார்கள்" என்றார். அடுத்த வாரம் கல்லாப்பெட்டிக்கு மேலே, சீட்டில்லாமல் கண் சொட்டு மருந்து இல்லை என்று அவரே எழுதி ஒட்டியிருந்தார்.

யூஃப்ரேசியா புட்டி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கண்ணுக்காக அதை எடுத்துப் பல மாதங்களாகின்றன.

சிறுவனுக்கு ஐந்தாம் வாரம் அழுத்தம் 18, 17 என்று இறங்கியது. ஆவணி முடியும்போது டைமோலாலை நிறுத்தினார்கள். கார்த்திகையில் என்னிடம் வந்து பலகையைப் படித்தான். வலக் கண்ணில் 6/6, இடக் கண்ணில் 6/9. விளிம்புள்ள தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போகிறான். முதலில் கேலி செய்த பையன்கள் இப்போது அந்தக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்க்கிறார்களாம். போகும்போது தாய், "உருண்டை ஏதும் வேண்டாமா டாக்டரம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அரிப்பு மாசியில் தொடங்கும் என்பதால் தை கடைசியிலேயே வந்து காட்டும்படி கண் மருத்துவமனையில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தேதியை என் குறிப்பேட்டிலும், "குணம்" என்று எழுதி அடித்த வரிக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.